சோடாபுட்டிக்கு ஒரு சன்னல் சீட்

என் அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். லீவு விட்டால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். வந்த கையோடு என் போன் அவள் கைக்குப் போய்விடும். அவள் பார்ப்பதெல்லாம் ஒரே மாதிரிப் படங்கள். பள்ளிக்கூடம் அல்லது காலேஜ், அதில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பெண். கண்ணாடி போட்டிருப்பாள், தலையை இறுக்கிப் பின்னியிருப்பாள், புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடப்பாள். ஒருநாள் தோழிகள் அவளைப் பிடித்து உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றி, முடியை அவிழ்த்துவிட்டு, வேறு துணி மாட்டிவிடுவார்கள். அந்த நேரத்துக்கு ஒரு பாட்டு ஓடும். பாட்டு முடிந்ததும் அவள் மாடிப்படியில் இறங்கி வருவாள். கீழே நிற்கிற பையன் கூல்டிரிங்க்ஸைத் தன் சட்டையிலேயே கொட்டிக்கொள்வான். அமெரிக்காவில் எடுத்தாலும் கொரியாவில் எடுத்தாலும் நம் ஊரில் எடுத்தாலும் அந்த மாடிப்படி மட்டும் மாறுவதே இல்லை.

இந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அவளுக்குப் பவர் என்னடி?"

"சித்தி, பேசாம பாரு."

"இல்ல, அவ்ளோ பெரிய சோடாபுட்டி போட்டிருந்தாளே. இப்போ அது இல்லாம இத்தன படி எப்டி எறங்குறா? அதுவும் ஹீல்ஸ் போட்டுக்கினு?"

"லென்ஸ் வச்சிருப்பா."

"அத மொதல்லயே வச்சிருந்தா படமே தேவையில்லையே."

நான் மூன்றாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறவள். கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்த தடம் தெரியும். கண் சுருங்கி, எதிரில் வருகிறவரை முறைப்பது போல இருக்கும். அழகு எங்கிருந்தும் வந்து இறங்காது. ஆனால் இந்தப் படக்காரர்களுக்குக் கண்ணாடி என்பது முகத்தில் போட்ட பூட்டு. அதைத் திறந்தால் உள்ளே தேவதை இருக்க வேண்டும்.

இன்னொரு கோபமும் உண்டு. நம் ஊர்ப் படமென்றால் அந்தப் பெண்ணுக்கு முதலில் கருப்பைப் பூசுவார்கள். வெள்ளைத்தோல் நடிகையைத் தேடிப் பிடித்து, கருப்படித்து, எண்ணெய் வழியவிட்டு, "இவள் அழகில்லை" என்பார்கள். பிறகு அதைக் கழுவிவிட்டு "பார், அழகாகிவிட்டாள்" என்பார்கள். பூசாமலேயே அந்த நிறத்தில் பிறந்த நாங்கள் தியேட்டரில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும். எனக்கு அந்த இடத்தில் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெண் கணக்கில் கெட்டிக்காரியாக இருந்தாளே, நன்றாகச் சிரிக்கவைப்பாளே, அதெல்லாம் பாட்டு முடிந்ததும் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் அக்கா மகள் படத்தை நிறுத்தினாள்.

"ஒனக்குப் பொறாம சித்தி. ஒன்ன யாரும் இப்டி மாத்தி வுடல. அதான்."

"யாருடி சொன்னது? மாத்தி வுட்டாங்களே" என்றேன்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அதுவே பெரிய மரியாதை. ஆகவே சொன்னேன்.

அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு காலேஜில் பி.எஸ்ஸி. கணக்கு இரண்டாம் வருஷம். வீடு வளவனூர். காலையில் வளவனூரிலிருந்து விழுப்புரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து திண்டிவனத்துக்கு இன்னொரு பஸ். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் சென்னை வண்டிகள் வரிசையாக நிற்கும். ஏறப்போனால் கண்டக்டர் படியிலேயே மறித்து, "திண்டிவனம் ஏறாத, திண்டிவனம் ஏறாத" என்று விரட்டுவார். காலேஜ் மணிக்குப் போய்ச் சேர்கிற மாதிரி எங்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு வண்டி. அது வளைந்து திரும்பும்போதே கூட்டம் பக்கவாட்டில் ஓடும். சன்னல் வழியாகக் கர்சீப் போகும், சாப்பாட்டுப் பை போகும், தினசரிப் பேப்பர் போகும், ஒருமுறை ஒரு கைக்குழந்தையே போனது. யாருடைய பொருள் முதலில் விழுந்ததோ அவருக்கு அந்த சீட். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் மதிக்கிற ஒரே சட்டம் அதுதான்.

எனக்கு ஓடவும் தெரியாது, எறியவும் தெரியாது. முதல் வருஷம் பாதிநாள் நின்றுகொண்டே போனேன். ஒருநாள் விக்கிரவாண்டி டோல்கேட் கிட்டே டிரைவர் போட்ட பிரேக்கில் என் கண்ணாடி தெறித்து விழுந்தது. அத்தனை கால்களுக்கு நடுவில் நான் குனிந்து தரையைத் தடவிக்கொண்டிருந்தேன். "யாரும் காலு வைக்காதீங்க, யாரும் காலு வைக்காதீங்க" என்று ஒரு குரல் மட்டும் கேட்டது. பிறகு என் உள்ளங்கையில் கண்ணாடி வந்து உட்கார்ந்தது.

"இந்தாங்க. ஒடையல."

மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஒல்லியாக ஒருவர். எங்கள் காலேஜ்தான், பி.காம்., என்னைவிட ஒரு வருஷம் மேலே. கோலியனூரிலிருந்து வருகிறவர். மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் அதே குரல் கூப்பிட்டது. இடப்பக்கம் மூன்றாவது வரிசையில் சன்னலோர சீட்டில் அவருடைய பை இருந்தது. அவர் அதற்குப் பின் சீட்டில் இருந்தார். பையை எடுத்துக்கொண்டு, "உட்காருங்க" என்றார். அதற்கடுத்த நாளும் அப்படியே. பிறகு தினமும்.

சும்மா வாங்கிக்கொள்ள எனக்கு மனசில்லை. பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம் வாங்கி, ஏறியதும் பாதியை சீட்டுக்கு மேலாகப் பின்னால் நீட்டுவேன். தோலைச் சன்னல் வழியே போட அவர் விடமாட்டார். கையை முன்னால் நீட்டுவார், என் தோலையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்வார், திண்டிவனத்தில் இறங்கிக் குப்பைத்தொட்டியில் போடுவார். பேச்சென்று பார்த்தால் அதிகம் இல்லை. பரீட்சை எப்படி, இன்று கூட்டம் ஜாஸ்தி, கூட்டேரிப்பட்டில் மழை. இவ்வளவுதான்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இப்போது சொல்ல என்ன வெட்கம்? மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா, அல்லது இது வெறும் நல்ல குணமா என்று தெரியவில்லை. ஏனென்றால் அவர் யார் மூட்டையாக இருந்தாலும் தூக்கி மேலே வைக்கிற ஆள். கீரைக்கட்டுக்கும் இடம் பிடித்துத் தருவார். அந்த வருஷத்தோடு அவருக்குப் படிப்பு முடிகிறது. ஏப்ரலுக்குப் பிறகு அந்த சன்னல் சீட்டில் பை இருக்காது. அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். கேட்கவும் வாய் வரவில்லை.

இதை நான் சொன்னது என் தோழி ஒருத்தியிடம் மட்டும். விழுப்புரத்துக்காரி. அவளுடைய அக்கா வீட்டு முன்னறையில் பியூட்டி பார்லர் வைத்திருந்தார். தோழியோ, இப்போது என் அக்கா மகள் பார்க்கிற படங்களின் அந்தக் காலத்துப் பாட்டிகளை எல்லாம் பார்த்துத் தீர்த்தவள்.

"அவரு ஒன்ன சரியாவே பாத்திருக்க மாட்டாருடி. சோடாபுட்டிக்குப் பின்னாடி நீ இருக்கறதே தெரியாது. காலேஜ்ல பொங்கல் விழா வருதில்ல, எல்லாரும் சேல கட்டணும். அன்னிக்கி ஒன்ன மாத்திக் காட்டுறேன். ஆளு அப்டியே ஆஃப் ஆயிடணும்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளுக்குள் எனக்கும் அந்த மாடிப்படி ஆசை இருந்தது.

பொங்கல் விழா அன்று விடிந்தும் விடியாமல் பார்லரில் போய் உட்கார்ந்தேன். அம்மா வைத்துவிட்ட எண்ணெய் போக ஷாம்பூ போட்டுப் போட்டு அலசினார்கள். புருவத்தில் நூல் விட்டபோது கண்ணில் தண்ணீர் கொட்டியது. முடியை அயர்ன் பண்ணினார்கள். சட்டையைத்தான் அயர்ன் பண்ணுவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். தோழியின் அக்கா என் கன்னத்தோடு ஒரு டப்பாவை ஒட்டிவைத்துப் பார்த்து, "ரெண்டு ஷேடு ஏத்திடலாம்" என்றார். ஏற்றினார். முகத்துக்கு மட்டும் ஏற்றினார், கைக்கும் கழுத்துக்கும் மருந்து பற்றவில்லை. இமையில் பொய் இமை ஒட்டினார். சரிகை வைத்த பட்டுச்சேலை, அதற்கேற்ற நெக்லஸ், கை நிறைய வளையல். கண்ணாடியைத் தோழி முதலிலேயே கழற்றி என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"பாருடி இப்போ!" என்று என்னைக் கண்ணாடி முன்னால் திருப்பினார்கள்.

பார்த்தேன். மேலே வெளிறிப்போய் ஒரு உருண்டை, கீழே சிவப்பாக ஒரு பெரிய பொருள். அவ்வளவுதான் தெரிந்தது.

"எப்டி இருக்கு?"

"சூப்பரா இருக்கு" என்றேன். அந்த ஊரில் என் மேக்ஓவரைப் பார்க்காத ஒரே ஆள் நான்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குத் தோழி கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். மல்லாட்டை வாங்க விடவில்லை, லிப்ஸ்டிக் கலைந்துவிடுமாம். "வாயத் தொறக்காத, சும்மா சிரி. படத்துல எவளாவது பேசறாளா? நான் பின்னாடி ஏறிக்கிறேன், நீ முன்னாடி தனியா போ, அப்பத்தான் எஃபெக்டு" என்று என்னை முன்படியில் ஏற்றிவிட்டாள். அன்று பார்த்துக் கூட்டம் பிதுங்கியது. கம்பியைத் தடவி ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண்ணி என் சீட்டைக் கண்டுபிடித்தேன். பை இருந்தது. பின்னால் வெள்ளையாக அவர் இருந்தார், வேட்டி சட்டை போல. அவர் பக்கம் திரும்பி, தோழி சொன்னபடி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, பையை நகர்த்தி உட்காரப் போனேன்.

"அக்கா, அக்கா! அங்க ஆளு வர்றாங்க" என்றார்.

அக்கா!

பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. ஒரு காலை நேரம் முழுக்க உட்கார்ந்து, கண்ணீர் விட்டு, கடைசியில் இரண்டு பிள்ளை பெற்றவள் போல ஆகியிருக்கிறேன். "நான்தாங்க" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் எனக்கு ஒன்று தோன்றியது. நான் இங்கே நிற்கிறேன், ஆனால் அவருக்கு நான் இன்னும் வரவில்லை. நான் வராவிட்டால் இவர் என்ன செய்வார்? இதைத் தெரிந்துகொள்ள உலகத்தில் எந்தப் பெண்ணுக்குச் சந்தர்ப்பம் கிடைக்கும்?

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சன்னல் வழியாகத் தலையை நீட்டி நீட்டிப் பார்ப்பது நிழலாட்டமாகத் தெரிந்தது. கண்டக்டர் வந்தார்.

"யாருப்பா பை இது? எடு. அந்தம்மா எவ்ளோ நேரம் நின்னுக்கினு இருப்பாங்க?"

அந்தம்மா நான்.

"ஆளு வர்றாங்கண்ணே."

"எங்க வர்றாங்க? வண்டி எடுக்கப் போறோம். வராத ஆளுக்கு என்னா சீட்டு?"

"அக்கா, நீங்க என் சீட்ல உட்காருங்க" என்று அவர் எழுந்துகொண்டார். "அந்த சீட்டு மட்டும் இருக்கட்டும்ணே. வளவனூர் வண்டி லேட்டாயிருக்கும். அவங்க லீவு போடமாட்டாங்க."

நான் அவர் சீட்டில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் என் சீட் காலியாக இருந்தது. சுற்றிலும் நிற்கிறவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். "என்னா பேஜாரா கீது, காலி சீட்ட வச்சிக்கினு" என்று ஒருவர் சத்தம் போட்டார்.

"யாருய்யா அது, அப்டியாப்பட்ட ஆளு?" என்றார் கண்டக்டர்.

"ஒங்களுக்குத் தெரியும்ணே. கண்ணாடி போட்டுக்கினு, கையில மல்லாட்ட வாங்கிக்கினு ஏறுவாங்களே. சிரிச்சா கண்ணாடி கீழ எறங்கும், வெரலால மேல தள்ளி வுட்டுக்கினே பேசுவாங்க. அவங்க."

நான் சிரிக்கும்போது கண்ணாடி இறங்குமா? எனக்கே அது தெரியாது. அவர் பின்சீட்டில் இருந்து பார்த்தது என் பின்னலை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டதில் நெக்லஸ் ஆடியது.

விசில் ஊதியது. வண்டி நகர்ந்தது. அவர் முன்சீட்டிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அண்ணே, நிறுத்துங்க. நான் எறங்கிக்கிறேன்."

"ஏன்யா, இவ்ளோ சண்ட போட்டு சீட்டு புடிச்சிட்டு எறங்குறியா?"

"அடுத்த வண்டியில அவங்ககூட வர்றேன். இன்னிக்கிக் கூட்டத்துல நின்னுக்கினு வந்தாங்கன்னா கண்ணாடி வுழுந்துடும்ணே. அது இல்லன்னா அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இந்த அக்காவ அங்க உட்கார வச்சிடுங்க."

இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டினேன். பொய் இமை லென்ஸில் முட்டிக்கொண்டு உள்ளே வர மாட்டேன் என்றது. அழுத்தி மாட்டினேன். அன்று காலை முதன்முதலாக எனக்குத் தெளிவாகத் தெரிந்தது படிக்கட்டுப் பக்கம் திரும்பி நின்ற அவருடைய முதுகு.

"ஏங்க! அது என் சீட்டுங்க" என்று கத்தினேன்.

திரும்பினார். குரல் வந்த திசையில் என்னைத் தேடினார். அக்காவைப் பார்த்தார். அக்கா முகத்தில் இருந்த கண்ணாடியைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் ஒரு துளி விடாமல் பார்த்தேன். சோடாபுட்டி வாழ்க!

"நீங்களா?" என்றார். பிறகு, நிஜமான கவலையோடு, "என்னாங்க ஆச்சு? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அட, நம்ம மல்லாட்டப் பொண்ணு!" என்று கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பஸ்ஸே சிரித்தது. பேஜாரென்று சத்தம் போட்டவரும் சிரித்தார். பின்படியிலிருந்து என் தோழி மட்டும், "கண்ணாடிய ஏண்டி போட்ட? எல்லாம் போச்சு!" என்று கத்தினாள்.

நான் என் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தேன். அவர் பின்னால் உட்கார்ந்தார். இமை உறுத்தியது. இரண்டையும் பிய்த்தேன். வழக்கம்போல அவர் கை முன்னால் நீண்டிருந்தது, தோல் வாங்க. மல்லாட்டை இல்லாததால் இமைகளை அந்தக் கையில் வைத்தேன்.

"ஐயோ, பூச்சி!" என்று உதறினார்.

நான் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கியது. விரலால் மேலே தள்ளினேன். தள்ளும்போதே ஞாபகம் வந்து திரும்பிப் பார்த்தேன். அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திண்டிவனத்தில் இறங்கி, பைப்பில் முகம் கழுவினேன். அவர் பக்கத்தில் என் கைப்பையை வைத்துக்கொண்டு நின்றார். முகத்துக்குக் கழுத்தின் நிறம் திரும்ப வந்ததும், "இப்பத்தான் நீங்களா இருக்கீங்க" என்றார். பிறகு சம்பந்தமே இல்லாமல், "படிப்பு முடிஞ்சாலும் நான் திண்டிவனத்துலதாங்க வேல தேடப் போறேன். இந்த வண்டியிலதான் வருவேன்" என்றார்.

"சீட்டு?"

"நீங்க இருக்கற வரைக்கும் இருக்கும்."

ஏப்ரல் பயம் அந்தப் பைப்படியிலேயே போய்விட்டது. காலேஜில் என்னைப் பார்த்த தோழி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "பட்டுச்சேலைக்கு மேல பழைய மூஞ்சியோட வந்து நிக்கிறாளே" என்று எல்லோரிடமும் புலம்பினாள்.

அக்கா மகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "சித்தி, அது யாருன்னு எனக்குத் தெரியும்" என்று சமையலறைப் பக்கம் பார்த்தாள். அங்கே அவளுடைய சித்தப்பா குக்கருக்குக் காவல் நின்றபடி, காது கேட்காதவர் போல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணத்துலயாவது கண்ணாடியக் கழட்டுனியா?"

கழற்றச் சொன்னார்கள். ரிசப்ஷனுக்கு வந்த மேக்கப்காரம்மா கெஞ்சினார், போட்டோகிராபர் பளபளப்பு அடிக்கிறது என்றார். முடியாது என்றேன். ஆனால் மண்டபத்து வாசலில் வைத்த ஃபிளக்ஸ் பேனரில் என்னைக் கேட்காமலேயே கண்ணாடியை எடுத்து, நிறத்தையும் ஏற்றிவிட்டார்கள். என் சொந்தப் பெரியப்பாவே பேனரைப் பார்த்து, "இது வேற பொண்ணு" என்று அடுத்த மண்டபத்துக்குப் போய்விட்டார். அவரைத் தேடிப்பிடித்துக் கூட்டி வருவதற்குள் சாப்பாட்டுப் பந்தி ஆரம்பித்துவிட்டது.

அந்தக் கலாட்டாவில் நான் மேடைக்குப் போகவும் நேரமாகிவிட்டது. மேடையில் மாப்பிள்ளையாக அவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மணப்பெண்ணுக்குப் போட்ட பெரிய நாற்காலி காலியாக இருந்தது. போட்டோவுக்கு நின்ற கோலியனூர் அத்தை ஒருவர் கால் வலிக்கிறதென்று அதில் உட்காரப் போனார்.

நான் கீழே படிக்கட்டுப் பக்கம் வந்துவிட்டேன். மேடைப்படி ஒவ்வொன்றும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த நாற்காலியில் ஒரு கர்சீப் விரித்திருந்ததும் தெரிந்தது.

"அத்த, அங்க உட்காராதீங்க" என்றார் அவர். "ஆளு வர்றாங்க."